செய்தவன் பெயர் எங்கே?

நியூயார்க்கு நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 2013ஆம் ஆண்டு நவம்பர் 20 தொடங்கி 2014 மார்ச்சு 9 வரை அணிகலன் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. மாண்ட மன்னரின் மணிமுடியும் புதைகுழியினின்று அகழ்ந்தெடுத்த பண்டைப் பூண்களும் அங்கே வைக்கப்படவில்லை. உயிரோடிருக்கும் ஒருவர் தம் எண்ணத்தில் கண்டு உருவாக்குவித்த அணிகள் நானூற்றுக்கு மேற்பட்டவை இருட்டறையில் ஒளிவிளக்கின் கீழ் வைக்கப்பெற்றன. அவர் சோயல் ஆர்தர் உரோசெந்தால் என்பார். 1943இல் அதே நகரின் பிராங்குசுப் பகுதியில் பிறந்து, 1978இல் பாரிசின் வாந்தோம் சதுக்கத்தில் கடை திறந்தவர். தம் பெயரின் முதலெழுத்துகள் மூன்றையே கடைக்குப் பெயராக இட்டவர். வழிப்போக்கர் நின்று பார்க்கும் காட்சிப் பலகணி அக்கடைக்கு இல்லை. மணிக்கலைஞர் ஒருவரின் வாழ்நாளிலேயே அவர் படைப்புகளுக்கென அவ்வருங்காட்சியகம் இத்தகைய கண்காட்சி நடத்தியது அதுவே முதன்முறை.

அக்கண்காட்சியைத் திறனாய்வாளர் சிலர் குறைகூறினர். பெருஞ்செல்வர் வீட்டுப் பெட்டகங்களினின்று இரவல் பெற்ற பொருள்களை வைத்து விளம்பரம் செய்வது அருங்காட்சியகத்தின் வேலையா என்று வினவினர். அவ்வினாவில் பொருள் உண்டு. ஆயினும் அணிகலன் கலையன்று, அங்காடிச் சரக்கே என்று ஒதுக்குவது எவ்வகையிலும் பொருந்தாது. நுண்மணிகளை ஒன்றோடொன்று இடைவெளி தோன்றாமல் நெருங்கப் பதித்து, ஒரு நிறம் மற்றொன்றாக மெல்ல மாறுமாறு இழைத்து, இதழையும் வண்ணத்துப்பூச்சியின் இறகையும் உருவாக்குவது ஓவியனின் தூரிகை வேலைக்கு எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று. பொன் ஒன்றே உயர்ந்தது என்னும் வழக்கத்தை விட்டு, கருக்கிய வெள்ளியிலும் அலுமினியத்திலும் தைட்டேனியத்திலும் மணியைப் பதித்த துணிவும் அவருக்கு உண்டு. பொருளின் விலையை நோக்காமல் வினையின் அருமையை நோக்கச் செய்தது அக்கண்காட்சியின் நற்பயன்.

ஆனால், அங்கும் ஒரு குறை உண்டு. பெயர் பெற்றவர் எண்ணியவர். வரைந்தவர், மணி தேர்ந்தவர், இவ்வாறு செய்க எனப் பணித்தவர் அவர். அறுத்தும் உருக்கியும் பதித்தும் மெருகிட்டும் அதனைக் கண்ணாற் காணத்தக்க பொருளாக்கிய கைவினைஞர் வேறு பலர். அவர் பெயர்களை நாடி எவரும் அங்குச் செல்லவில்லை. 'வடிவமைப்பாளர்' என்றொரு புதுத் தொழிற்பெயர் மேலைநாட்டில் தோன்றி உலகெங்கும் பரவியுள்ளது. எண்ணுபவர் ஒருவர், செய்பவர் ஒருவர் என்னும் பிரிவை அப்பெயர் தன்னுள்ளே கொண்டிருக்கிறது.

தமிழில் அப்பிரிவு பழைய வழக்கன்று. தட்டார் எனினும் பத்தர் எனினும் பொற்கொல்லர் எனினும் எண்ணமும் கையும் ஒருவருடையவே. வீட்டுக்கு வந்து, பெண்ணின் கழுத்தையும் காதையும் பார்த்து, சுண்ணக்கட்டியால் தரையில் கோடிழுத்துக் காட்டி, பொன்னை நிறுத்து வாங்கிச் சென்று, பதினைந்தாம் நாள் அணியாகக் கொணர்ந்து கொடுத்தவர் ஒருவரே. பத்தர் என்னும் சொல்லின் தொன்மையை அறிய விரும்புவோர் தாய்லாந்துக்குச் செல்லல் வேண்டும். அந்நாட்டின் தென்பகுதியில், கிராபி மாவட்டத்துக் குவான் லுக் பாட் என்னும் இடத்தில், பொன்னின் மாற்றுக் காணும் உரைகல் ஒன்று கிடைத்தது. அதன்மீது தமிழி எழுத்தில் 'பெரும்பதன் கல்' எனப் பொறிக்கப்பட்டுள்ளது. பெரும்பத்தனுடைய கல் என்பது பொருள். காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. கடல் கடந்து சென்ற தமிழ்ப் பொற்கொல்லன் ஒருவன் தன் கருவியின்மேல் தன் சிறப்பைத் தானே பொறித்துக்கொண்டான். அவன் செய்த அணி ஒன்றும் எஞ்சவில்லை. கல் எஞ்சியது. அது தாய்லாந்தின் வாட்டு குலோங் தோம் கோயில் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிச் சிறுவருள் எத்துணைப் பேர் அதனைக் கேள்வியுற்றிருப்பர்?

இலக்கியத்துள்ளும் இச்செய்தியைத் தேடிப் பார்க்கலாம். கழகக் காலப் புலவருள் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்பவர் உண்டு. அவர் பெயர் நிலைத்தது பாடியதனால். அவர் இழைத்த பூண் ஒன்றேனும் பெயரோடு நிலைக்கவில்லை. சிலப்பதிகாரமோ சிலம்பினால் எழுந்த காப்பியம். கதை முழுதும் ஓர் அணிகலனைச் சுற்றியே சுழல்கிறது. கோவலனுக்கும் மாதவிக்கும் மாதரிக்கும் ஐயைக்கும் பெயர் உண்டு. சிலம்பு திருடிய பொற்கொல்லனுக்கு மட்டும் பெயர் இல்லை. தொழிலே அவன் பெயர். ஒருவன் செய்த களவுக்காகப் பின்னர் வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியூட்டினான் என்றும் அந்நூல் கூறுகிறது. அவ்வாயிரவர் என்ன குற்றம் செய்தனர் என்று எந்த உரையாசிரியரும் கேட்டிலர். பெயரில்லாத கூட்டத்துக்கு நேர்வது எப்பொழுதும் இதுவே. ஒருவன் பழி அனைவர்மேலும் ஏறும். ஒருவன் திறமோ எவர் கணக்கிலும் ஏறாது.

ஆனால் அதே நூல்தான் அணிகளின் பெயர்களைக் காத்து வைத்திருக்கும் பேழையும் ஆகும். கடலாடு காதையில் மாதவி பூண்ட அணிகள் காலடி தொடங்கித் தலையுச்சி வரை முறையாகக் கூறப்படுகின்றன. பரியகம், நூபுரம், பாடகம், சதங்கை, அரியகம் என்பன காலுக்கு. குறங்குசெறி தொடைக்கு. சூடகமும் வால்வளையும் பவழவளையும் கைக்கு. வாளை மீனின் அங்காந்த வாய்போல் வளைத்த மோதிரம் விரலுக்கு. கடிப்பிணை காதுக்கு. தொய்யகமும் புல்லகமும் தலைக்கு. அடியார்க்குநல்லார் இவற்றுக்கு உரை எழுதியிராவிடின் இச்சொற்களுட் பல இன்று ஓசை மட்டுமாக நின்றிருக்கும். உரைகாரர் ஒருவர் செய்த அவ்வேலையை இன்றைய அருங்காட்சியகம் செய்தல் வேண்டும். காட்சிப்பேழையின் அருகே ஒட்டப்படும் சிறு குறிப்புச் சீட்டும் ஓர் உரைதான்.

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளைக் கண்டோர் இன்னொன்றும் அறிவர். முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் கொடுத்த அணிகள் ஒவ்வொன்றும் பெயரும் எடையும் மணியின் தொகையும் விலையும் குறித்துக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல், அணிகளை நிறுக்கத் தக்கணமேரு விடங்கன் என்னும் கல். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என அளவு. முத்தின் வகைகளே வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, சப்பத்தி, சக்கத்து என விரிகின்றன. முத்தின் குற்றங்கூட மறைக்கப்படவில்லை. அருங்காட்சியகப் பதிவேட்டுக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டுவதில்லை. கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் அங்கே உண்டு. தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர் பெயரும் உண்டு. ஆனால் அவ்வணிப் பட்டியலுள் கொடுத்தவர் பெயர் வருமேயன்றி இழைத்தவர் பெயர் வருவதில்லை. அயலாரைக் குறைகூறுமுன் இதனையும் நெஞ்சில் இருத்துதல் நன்று. நோய் இங்கும் பழையது.

அணிகலன் வெறும் பகட்டு, அதைப் பற்றிப் பேச என்ன உண்டு என்பாரும் உளர். அன்னோர் வேலூர்க் கோட்டைக்குள் ஒருமுறை சென்று வரல் வேண்டும். 1805இன் இறுதியில் சென்னைப் படைத்தலைவன் சான் கிராடக்கு பிறப்பித்த ஆணைகளின்படி, சீருடையில் இருக்கும் படைஞர் நெற்றியில் குறி இடலாகாது, காதில் கடுக்கன் அணியலாகாது, தாடி வளர்த்தல் கூடாது. புதுவகைத் தலைப்பாகை ஒன்றை அணிதல் வேண்டும். அத்தலைப்பாகையில் தோலாற் செய்த குச்சம் இருந்தது. காதினின்று பொன்னைக் கழற்றித் தலையில் தோலை ஏற்றுக என்பது ஆணையின் சாரம். 1806 சூலை 10 விடியலுக்கு முன் அக்கோட்டையில் வெடித்த எழுச்சிக்குக் கரணியங்கள் பல உண்டு. கோட்டையுள் காவலில் இருந்த திப்புவின் மக்கள், சம்பளக் குறைவு, வெள்ளைத் தலைவரின் செருக்கு எனப் பலவற்றை வரலாற்றாசிரியர் காட்டுவர். ஆயினும் பொறி விழுந்த இடம் காதும் தலையுந்தான். ஆர்க்காட்டினின்று கில்லெசுப்பி குதிரைப்படையோடு வந்து எழுச்சியை அடக்கினான். நூற்றுக்கணக்கான தமிழ்நாட்டுப் படைஞர் அன்று அக்கோட்டையுள் மாண்டனர். பின்னர் ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிராடக்கும் ஆளுநர் பெண்டிங்கும் பதவியினின்று திருப்பி அழைக்கப்பட்டனர். ஓர் இணைக் கடுக்கன் இன்னாரென்று ஒருவனைக் காட்டும் அடையாளம் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

அதே கோட்டையில் கண்டியின் இறுதி மன்னன் விக்கிரமராசசிங்கன் 1816 முதல் சிறையிருந்து 1832 சனவரி 30இல் மறைந்தான். அவன் உயிரோடு அங்கே இருந்தபோதே, 1820இல், அவன் அணிகலன்கள் இலண்டனில் ஏலம் விடப்பட்டன. வாங்கிய கைகள் மாறி மாறி அவை எங்கெங்கோ சென்றன. அவன் அரியணையும் மணிமுடியும் 1934இல் இலங்கைக்குத் திருப்பித் தரப்பட்டுக் கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளன. மன்னனின் பொருளாயின் நூறாண்டு கழித்தேனும் திரும்பி வரும். தட்டானின் பெயரைத் திருப்பிக் கேட்பார் எவர்?

இனி, அக்கோட்டையினின்று மேற்கே பாலாற்றுக் கரையோடு செல்லின் பேரணாம்பட்டும் ஆம்பூரும் வாணியம்பாடியும் வரும். கிழக்கே மேல்விசாரமும் இராணிப்பேட்டையும் உள்ளன. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டாலும் இவ்வூர்கள் எல்லாம் ஒரே தொழிலால் கட்டப்பட்டவை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோலைப் பதப்படுத்தும் பழைய முறை தமிழ்நாட்டுக்கே உரியது. அம்முறையிற் பதனிட்ட தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆனால் என்ன பெயரில்? 'ஈ.ஐ. தோல்' என்னும் பெயரில். அவ்வெழுத்துகளின் விரிவு கிழக்கிந்தியத் தோல் என்பதாம். எந்தக் குழுமத்தை எதிர்த்து 1806இல் வேலூர்ப் படைஞர் உயிர் கொடுத்தனரோ, அக்குழுமத்தை நினைவூட்டும் பெயரே ஆவாரம்பட்டையின்மேல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதனை நகைப்பதா, நாணுவதா?

பெயரிழப்பு இத்துடன் நிற்கவில்லை. 2015 நவம்பர் 21 முதல் 2016 சனவரி 31 வரை இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட்டு அருங்காட்சியகத்தில் இரு கண்காட்சிகள் ஒரே கூரையின்கீழ் ஒருசேர நடைபெற்றன. ஒன்று காலணிகள் பற்றியது. இருநூறு இணைகளுக்கு மேல் வைக்கப்பெற்றன, மனோலோ பிளானிக்கு முதலிய வடிவமைப்பாளர் பெயர்களோடு. மற்றொன்று இந்திய அணிகலன் பற்றியது. கத்தார் அரச குடும்பத்து அல் தானியின் தொகுப்பு அது. முகலாயர் காலத்து மணிகளோடு, இன்று மும்பையில் வாழும் பகத்து என்னும் அணிகலைஞர் உருவாக்கியனவும் அங்கே இடம்பெற்றன. இந்தியர் ஒருவர் பெயர் உயிரோடிருக்கும்போதே அவ்வரங்கில் ஏறியது மகிழத்தக்கது. ஆனால் காலணியரங்கில் தைத்தவர் பெயர் எங்கே? ஆம்பூர் வட்டாரத்துப் பெண்டிர் நாள்தோறும் தைக்கும் காலணிகள் அயல்நாட்டு வணிகப் பெயர் பொறிக்கப்பெற்றுக் கப்பலேறுகின்றன. வடிவம் அங்கிருந்து வருகிறது. விலையும் அங்கே முடிவாகிறது. இங்கே எஞ்சுவது கூலியும் கழிவுநீரும். பாலாறு கெட்ட கதையை 1996 ஆகசுட்டு 28இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே படித்துக்கொள்ளலாம். ஊரின் பெயர் உலகேறியது அத்தீர்ப்பில்தான். செருப்பின் அடியில் அது இல்லை.

இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் கத்தரிக்காயால் நிலைபெற்றது. நல்லதே. நிலத்தில் விளைவதற்கு ஊர்ப்பெயர் கிடைக்கிறது. கையில் விளைவதற்கு அது கிடைப்பது அரிதாக இருக்கிறது. நாகர்கோவில் கோயில் அணிகலன் அவ்வரிய சிலவற்றுள் ஒன்று.

இவ்விரு தொழிலாளரின் பெயரும் மறைந்ததற்கு வேர் ஒன்றே. கையால் உழைப்பவன் தாழ்ந்தவன், கையிற் பெற்று அணிபவன் உயர்ந்தவன் என்னும் எண்ணம் இக்குமுகத்தில் ஊறிக் கிடக்கிறது. பொன் தொட்டவனைப் பொருட்டாகக் கருதவில்லை. தோல் தொட்டவனையோ ஊருக்குள்ளேயே விடவில்லை. பிறப்பினால் ஏற்றிய அவ்விழிவை உடைக்காமல் அருங்காட்சியகத்தில் நூறு பெயர்ப்பலகை மாட்டினும் பயன் சிறிதே. ஆனால் பெயரைப் பொறித்தல் அவ்வுடைப்பின் ஒரு தொடக்கம் ஆகும்.

இனித் தண்டட்டியின் கதையைச் சற்று விரிவாகக் காண்போர் உண்மை நிலையை உணர்வர். தென்மாவட்டத்து மூதாட்டியரின் தோள்வரை தொங்கும் செவியில் ஆடிய தண்டட்டியும் பாம்படமும் உலக அணிகலன் வரலாற்றில் தனித்து நிற்பவை. மெல்லிய பொற்றகட்டை உருண்டையாகவும் கட்டையாகவும் குழலாகவும் முக்கோணமாகவும் மடித்து, உள்ளே அரக்கு நிறைத்து, ஒன்றோடொன்று பொருத்திச் செய்வர். பார்வைக்குப் பெரிதாயினும் பொன் குறைவே. பாம்பின் படம் என்றே பெயரை விரிப்பர். ஆனால் அதிற் பாம்பின் கண்ணோ செதிளோ இராது. வடிவத்தின் சாரம் மட்டுமே நிற்கும். உருவத்தை அடிப்படை வடிவங்களாகப் பிரித்துக் காட்டும் முறையை ஐரோப்பிய ஓவியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டு 'புதுமை' என்றனர். தமிழ்நாட்டுத் தட்டார் அதற்கு முன்பே அதனைக் கிழவியரின் காதில் தொங்கவிட்டிருந்தனர். இன்று அவ்வணிகள் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. தென்னாட்டு அணிகள் மிகுந்த பெனிங்சன் அம்மையாரின் தொகுப்பை நியூயார்க்கு ஆசியக் கழகம் 2004இல் 'பொன் பூக்கும்போது' என்னும் பொருள்தரும் தலைப்பிற் காட்சிப்படுத்தியது. அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருப்பது இங்கே அடகுக்கடை உலைக்குள் உருகியது.

காது வளர்த்தல் பெண்டிர்க்குத் துன்பமே. குழந்தைப் பருவத்திலேயே காதில் துளையிட்டு, பஞ்சும் ஓலைச்சுருளும் செருகி, பின்னர் ஈயக் குணுக்கு மாட்டித் தொங்கவிட்ட வழக்கத்தை மீட்டுக் கொணர வேண்டும் என எவரும் சொல்லார். வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்ட பெண்டிர் தம் விருப்பத்தால் அவ்வாறு செய்தனர். அது அவர் உரிமை. வழக்கம் போகட்டும். அதனோடு சொல்லும் ஏன் போக வேண்டும்? தண்டட்டி, பாம்படம், முடிச்சு, நாகவடம், பூச்சிக்கூடு, அரிசித்தழுப்பு, குருட்டுத்தட்டு, ஒன்னப்பூத்தட்டு, கொப்பு, முருகு எனக் காதொன்றுக்கே இத்துணைப் பெயர்கள். ஓர் அணி உருகும்பொழுது பொன் அழிவதில்லை. அது வேறொரு சங்கிலியாக மறுபிறவி எடுக்கும். அழிவது வடிவமும் அதன் பெயருமே. அகரமுதலியில் 'ஒருவகைக் காதணி' என்று மட்டும் பொருளெழுதிச் செல்லும் நிலை இதனால் வருகிறது. எந்த வகை, எவ்வாறு இருக்கும், காதின் எவ்விடத்தில் மாட்டுவர் என்பதை அறிந்த கடைசி மூதாட்டியும் மறைந்தபின் அச்சொல்லுக்கு உயிர் கொடுப்பார் யார்?

பொற்கொல்லர் குடிகள் சிதைந்த வரலாறும் தனியே எழுதப்பட வேண்டியது. 1963 சனவரியில் நடுவணரசு பொற்கட்டுப்பாட்டு ஆணையைக் கொணர்ந்து 14 காரட்டுக்கு மேற்பட்ட பொன்னில் அணி செய்வதைத் தடுத்தது. இந்தியா முழுதும் பொற்கொல்லர் பட்டறைகள் மூடப்பட்டன. தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர் பலர். பின்னர்த் தளர்த்தப்பட்டும், 1968இல் சட்டமாகியும், 1990இல் அது முற்றும் நீக்கப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை வேறு தொழிலுக்குப் போய்விட்டது. எஞ்சியவரைப் பொறி வார்ப்பும் பெருங்கடைகளும் விழுங்கின. அதே நடுவணரசு 1995இல் ஐதராபாத்து நிசாமின் அணிகலன் 173ஐ ஏறத்தாழ 218 கோடி உருபாவுக்கு வாங்கியது. அவை தில்லியில் 2001இலும் 2019இலும் மக்கட்குக் காட்டப்பட்டன. வாங்கியது தவறன்று. நாட்டின் செல்வம் நாட்டிலேயே நின்றது. ஆயினும் அணிந்தவனின் பெயர் அறிந்த அரசு, அணி செய்த குடிகளின் உலையை அவித்த கதையையும் அக்காட்சியறையில் எழுதியிருக்கலாம்.

இற்றை நாளில் கடையில் விற்கும் பொன்னணிகளுட் பெரும்பாலனவற்றில் முத்திரை இருத்தல் வேண்டும் என்பது சட்டம். 2023 ஏப்பிரல் 1 முதல் அம்முத்திரையில் மூன்று குறிகள் உள்ளன. தரக்கழகத்தின் சின்னம், பொன்னின் தூய்மை, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கக் குறியீடு ஆகியன அவை. உருப்பெருக்கி கொண்டு பார்த்தாலன்றித் தெரியாத அளவில் அவற்றைப் பொறிக்கும் திறம் இன்று உண்டு. பொன் 916ஆ அன்றா என்பதை வாங்குவோர் அறியலாம். செய்தவன் யார் என்பதற்கு அங்கே இடம் ஒதுக்கப்படவில்லை. ஆறெழுத்துக்கு இடம் உள்ள இடத்தில் இன்னும் நான்கெழுத்து இட முடியாதா?

கடைத்தெருவின் தமிழோ கேட்கவே வேண்டா. வேலூரிலும் ஆம்பூரிலும் பெருங்கடைப் பலகைகளில் 'டெம்பிள் சூவல்லரி', 'ஆன்டிக் கலெக்சன்' என்று தமிழெழுத்தில் ஆங்கிலம் ஆடுகிறது. காசுமாலையும் மாங்காய்மாலையும் ஒட்டியாணமும் கெம்பு பதித்த அட்டிகையும் அக்கண்ணாடிக்குள் கிடக்கின்றன. பெயரறியாத விற்பனைப் பெண் அவற்றையெல்லாம் 'செட்டு' என்று ஒரு சொல்லால் முடிக்கிறாள். அவள்மேல் குற்றமில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார் இலர். வேலூருக்கு அருகே திருமலைக்கோடியில் 2007இல் எழுந்த பொற்கோயிலிலும் இதே நிலை. ஏறத்தாழ 1500 கிலோ பொன் என்று குழந்தையும் சொல்லும். செப்புத் தகட்டின்மேல் படலம் படலமாகப் பொன்னை ஏற்றிய கைவினைஞருள் ஒருவர் பெயரை அங்கு வருவோருள் நூற்றுக்கு ஒருவரேனும் சொல்லக் கூடுமா?

இந்நிலையை மாற்றப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வேலூர்க் கோட்டையுள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. காதணிக்காக உயிர் கொடுத்தோர் மாண்ட அம்மதிலுக்குள், அணிகலனுக்கும் தோல்வினைக்கும் ஓர் அறை ஒதுக்குதல் அவ்விடத்துக்கே பொருந்தும். வடார்க்காட்டுத் தண்டையும் கால்காப்பும் அட்டிகையும் அங்கே வரட்டும். ஆவாரம்பட்டையிற் பதனிட்ட தோலும் அதிற் செய்த காலணியும் அருகிலேயே வரட்டும். பழம்பொருள் மட்டும் போதாது. இன்று உயிரோடிருக்கும் பத்தர் ஒருவரையும் ஆம்பூரில் தைக்கும் பெண் ஒருவரையும் ஆண்டுதோறும் தேர்ந்து, அவர் வேலையை அவர் பெயரிலேயே ஒரு திங்கள் காட்சிக்கு வைத்தல் வேண்டும். உரோசெந்தாலுக்கு நியூயார்க்கு செய்ததை வேலூர் தன் மகளுக்குச் செய்வதில் தடை என்ன? எண்ணியவர் பெயரோடு செய்தவர் பெயரையும் சேர்த்து எழுதுவதில் நியூயார்க்கையே விஞ்சவும் கூடும்.

குறிப்புச் சீட்டு தமிழில் இருத்தல் வேண்டும். முதலில் அணியின் ஊர்வழக்குப் பெயர். அடுத்து உடலில் அணியும் இடம், செய்பொருள், எடை. பின்னர்ச் செய்தவர் பெயரும் ஊரும். கொடுத்தவர் பெயர் அதற்கும் கீழே வரட்டும். செய்தவர் பெயர் தெரியாவிடின் அவ்விடத்தை வெறுமையாக விட்டு வைத்தல் வேண்டுமேயன்றி, அவ்வரியையே நீக்கிவிடுதல் கூடாது. பார்ப்போர் கண்ணில் அவ்வெறுமை உறுத்தட்டும்.

சொற்களைத் தொகுக்கும் வேலைக்கு அருங்காட்சியகத்தை எதிர்பார்த்துக் காத்திருத்தலும் வேண்டா. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் ஆர்க்காட்டிலும் திருப்பத்தூரிலும் உள்ள பள்ளித் தமிழாசிரியர், விடுமுறை நாள்களில் மாணவர் இருவர் மூவரோடு பழைய பட்டறைகளுக்குச் செல்லலாம். குறட்டுக்கும் ஊதுகுழலுக்கும் அச்சுக்கட்டைக்கும் கம்பியச்சுக்கும் அங்கே என்ன பெயர் வழங்குகிறது எனக் கேட்டு எழுதலாம். மெருகிடும் வகைக்கும் பற்றவைக்கும் பொடிக்கும் ஊருக்கு ஊர் சொல் மாறும். தோல் பதனிடும் இடத்திலும் அவ்வாறே. சுண்ணத்தொட்டியில் ஊறவைப்பதற்கும் மயிர் கழிப்பதற்கும் சதை சீவுவதற்கும் உழைப்பாளர் நாவில் உள்ள சொற்கள் எந்த அகரமுதலியிலும் முழுமையாக ஏறவில்லை. எழுபது அகவை கடந்தோரிடம் முதலில் செல்லல் வேண்டும். பட்டறை மூடியபின் அச்சுக்கட்டைகள் பெரும்பாலும் விறகுக்குப் போகின்றன. அவற்றுள் இரண்டொன்றையேனும் கேட்டு வாங்கி, கொடுத்தவர் பெயரையும் பயன்படுத்தியவர் பெயரையும் அடியில் எழுதிப் பள்ளியிலேயே வைக்கலாம்.